எண் அழித்த குமிழ்கள்

பிரஸ் பட்டறையில் அவருக்கு வால்வுக்காரர் என்று பெயர். தகரத் தகட்டை அச்சுக்குக் கீழே வைத்து மிதியை அழுத்தினால் டப்பா மூடி விழும். அதுதான் அவர் வேலை. வால்வுக்கும் டப்பா மூடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டீ இடைவேளையில் யாராவது வாய்தவறிப் பாட்டுப் பேச்சை எடுத்துவிட்டால், "டிரான்சிஸ்டர் பெட்டியில வர்றது சத்தம். வால்வு பெட்டியில வர்றதுதான் குரல்" என்று தொடங்கிவிடுவார். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் கண்ணாடிக் குழல் எப்படிச் சூடாகிறது, சூடானபின் கிட்டாரின் ஒலி அதற்குள் எப்படித் தடித்துப் பிளக்கிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறி ஏடு கட்டிவிடும். பட்டறைக்காரர்கள் கிளாஸைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நழுவுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். மனைவியின் அண்ணன் மெத்தைக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் கிடங்கு. ஸ்பாஞ்சும் பஞ்சு மூட்டையும் கூரைவரை அடுக்கியிருந்ததால் உள்ளே இடியே விழுந்தாலும் தெருவுக்குக் கேட்காது. அங்கேதான் அவருடைய பாட்டுக் குழுவின் நால்வரும் கூடுவார்கள். இவர் கிட்டார், மச்சான் டிரம்ஸ். பேஸ் கிட்டாருக்கு நெட்டை என்று ஒருவர். நிலைப்படியில் தலை இடித்தால் மட்டும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும். பாடுவது பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் பெண். வாரமெல்லாம் வலியோடு வருகிறவர்களிடம் மெல்லப் பேசி அடக்கிவைத்ததையெல்லாம் மைக்கில் கொட்டிவிட்டுப் போகிறாள் என்று மச்சான் கேலி செய்வார். வாசிப்பதெல்லாம் பழைய ஹார்ட் ராக். மேடைகளும் சின்னவை. கம்பெனி விருந்து, கல்லூரி விழா, எப்போதாவது ஒரு கிளப்.

அந்தக் குழுவைப் பற்றி வெளியே யாராவது பேசினார்கள் என்றால் அது அவருடைய கிட்டார் டோனைப் பற்றித்தான். மற்றக் குழுக்களின் கிட்டார்காரர்களிடம் விலை உயர்ந்த கருவிகள் இருந்தன. இவரிடம் இருந்தது கழுத்து ஒருமுறை உடைந்து ஒட்டிய ஒரு கிட்டார், மூடப்பட்ட ஓட்டல் ஒன்றிலிருந்து வாங்கிய ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும்.

அந்த டோன் ஒரே நாளில் வந்ததல்ல. ஆரம்பத்தில் அவரும் எல்லாரையும் போல ஒலியைக் கரகரக்கவைக்கும் டிஸ்டார்ஷனை முழுக்கத் திறந்து, நடு ஒலிகளுக்கான மிடிலை முழுக்கக் குறைத்துத்தான் வாசித்தார். தனியறையில் புயல் மாதிரி இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்துகொண்டால் புயலைக் காணோம். தண்ணீரில் உப்பாய்க் கரைந்துவிடும். ஏன் என்று சொல்லித்தர ஆள் இல்லை. பழைய இசைத்தட்டுகளை மீண்டும் மீண்டும் கேட்டார். கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. அந்த இசைத்தட்டுகளின் பெரிய கிட்டார் ஒலியில் டிஸ்டார்ஷன் நாம் நினைப்பதில் பாதிகூட இல்லை. கனம் வருவது மிடிலில். டிஸ்டார்ஷனைக் குறைத்து, வால்யூமை ஏற்றி, வால்வு வியர்க்கிற அளவுக்கு அதை வேலை வாங்கவேண்டும். கிட்டாரிலேயே இருக்கும் வால்யூமைப் பாடகி பாடும்போது ஒரு நூல் குறைத்து, கிட்டார் தனித்து வாசிக்கும் சோலோ வரும்போது திறந்துவிடவேண்டும். கம்பி கனமானதாக இருக்கவேண்டும். பல கம்பிகளைச் சேர்த்து அடிக்கும் ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் நடுவில் உள்ளங்கையால் கம்பியை அமர்த்தி ஒலியை அடியோடு வெட்டவேண்டும். அந்த வெட்டு சுத்தமாக விழுந்தால்தான் அடுத்த அடி கதவைத் தட்டுகிற மாதிரி கேட்கும். இவ்வளவையும் கண்டுபிடிக்க அவருக்கு இளமை முழுவதும் செலவாயிற்று. வேறு எதற்குச் செலவழித்திருந்தாலும் இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கமாட்டார்.

இதெல்லாம் கைகூடிய பிறகு ஒரு காரியம் செய்தார். எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காரியம் அது. பெட்டியின் மேல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் அச்சிட்டிருந்த எண்களைப் பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து எடுத்துவிட்டார்.

"என்னங்க இது, நல்லா இருந்த பெட்டியை மொட்டையடிச்சுட்டீங்க?" என்றாள் மனைவி. "நாளைக்கு வித்தா எவன் வாங்குவான்?"

"விக்கவா வாங்குனேன்? நேத்து ட்ரெபிள் ஆறுல வச்சேன், இன்னிக்கும் ஆறுன்னு கை தன்னால போகுது. நேத்து இருந்த ஹால் வேற, இன்னிக்கு இருக்கிற ஹால் வேற. கண்ணு வேலை செஞ்சா காது தூங்கிடும்."

அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். அளவு அழிந்த டேப்பால் யாராவது துணி வெட்டுவார்களா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. இந்த மனிதரிடம் பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அன்றைக்குச் சமையல் ஆகாது.

காதை அவர் அப்படித்தான் நம்பினார். பட்டறையில் பிரஸ் ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். காதில் செருகிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பஞ்சுக் கட்டை கொடுத்திருந்தார்கள். அவர் தன் பங்கை மற்றவர்களுக்குத் தந்துவிடுவார். "பழக்கினா காது சோம்பேறி ஆயிடும். நமக்குக் காதுதானே எல்லாம்" என்பார். அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. பாட்டுக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

மங்கல் எப்போது விழ ஆரம்பித்தது என்று பின்னால் எவ்வளவோ யோசித்தும் அவருக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிட்டாரின் மேல் யாரோ போர்வையைப் போர்த்தினாற்போல் இருந்தது. உச்சி ஒலிகளைக் கூட்டும் ட்ரெபிளைக் கொஞ்சம் திருப்பினார், சரியாயிற்று. கொஞ்ச காலம் கழித்து மறுபடி போர்வை. கம்பி பழசாகிவிட்டது என்று மாற்றினார். கேபிளை மாற்றினார். வால்வுகளை மாற்றினார், புது வால்வு பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் ட்ரெபிள் ஒரு மயிரிழை ஏறியது. எண்கள் இல்லாததால் குமிழ் எங்கே இருந்து எங்கே வந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை.

வேறு சில விஷயங்களும் நடந்தன. பாடகி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வரத் தொடங்கினாள். "ஆஸ்பத்திரி ஏசி காத்துண்ணே, காது வலி" என்றாள். நெட்டை தன் இடத்தைக் கிடங்கின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டார். இப்போதெல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று அவர் அலுத்துக்கொண்டார். "இந்த வருஷம் கொசுவே இல்லை, பார்த்தியா?" என்று ஒருநாள் மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னார். அவள் முழங்கையைச் சொறிந்துகொண்டே அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. புதிதாகக் கட்டிய இசை அரங்கம் ஒன்றின் திறப்பு நிகழ்ச்சியில் நான்கு குழுக்கள் வாசிக்க ஏற்பாடு. இவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். "உங்க கிட்டார் சவுண்டு அந்த ஹால்ல கேக்கணும் சார்" என்று ஏற்பாட்டாளர் போனில் சொன்னதாக மச்சான் வந்து சொன்னார். வால்வுக்காரருக்குத் தூக்கம் போயிற்று. இந்த மங்கலோடு அந்த மேடையில் ஏறுவதைவிடக் கிட்டாரை விறகுக்குப் போடலாம். எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஸ்பீக்கர் ஒன்றுதான்.

மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, பெட்டியைக் கூடத்தில் படுக்கவைத்து முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றினார். சட்டம் வழக்கத்தைவிடக் கனமாக வந்தது. திருப்பிப் பார்த்தார். துணிக்குப் பின்னால், சரியாக ஸ்பீக்கருக்கு நேராக, வட்டமாக வெட்டிய ஸ்பாஞ்சு ஒன்று. அதன் மேல் கறுப்புத் துணி உறை. பழைய ஸ்பீக்கருக்குச் சட்டை தைத்துப் போட்டதுபோல் அவ்வளவு பொருத்தம்.

ஸ்பாஞ்சு எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று கேட்கவேண்டியதில்லை. உறையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். நெருக்கமான இரட்டைத் தையல். முடிகிற இடத்தில் நூலை அறுக்காமல் மூன்று தையல் பின்னால் போய்த் திரும்பியிருந்தது. அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் காலர் அப்படித்தான் முடியும்.

முதலில் அவருக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. ஆகப் போர்வை என்பது நிஜமாகவே போர்வைதான். கருவியில் குற்றமில்லை, கையில் குற்றமில்லை. ஸ்பாஞ்சைப் பிய்த்தெடுத்துவிட்டுக் கிட்டாரை மாட்டி ஒரு கார்டு அடித்தார். முன்னைவிடக் கொஞ்சம் தெளிவுதான். கொஞ்சம்தான். எதிர்பார்த்த அளவு இல்லை. அதை அவர் அப்போது யோசிக்க விரும்பவில்லை. கோபப்படுவது சுலபமாக இருந்தது.

மாலையில் மனைவி வந்தபோது மேசை மேல் அந்த வட்டம் கிடந்தது. அவள் பையைக்கூட இறக்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள். மச்சான் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கினார்.

"மாப்ள, அவளை ஒண்ணும் சொல்லாத. வெட்டுனது நான்தான்."

"நீ வெட்டுன, அவ தச்சா. குடும்பமே சேர்ந்து என் குரல்வளையை நெரிச்சிருக்கீங்க. ஏன் மச்சான்? எத்தனை மாசமா பைத்தியக்காரன் மாதிரி கம்பியையும் வால்வையும் மாத்திட்டு இருந்தேன், பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தியே!"

"அந்தப் பொண்ணு பாட வரமாட்டேன்னு சொல்லிடுச்சுடா. காதுல ஊசி குத்துற மாதிரி இருக்குதாம். பல் டாக்டர் மிஷினே பரவாயில்லைன்னு அழுதுச்சு. நெட்டை வாயைத் திறந்து பேசுனான்னா பார்த்துக்கயேன்."

"எங்கிட்ட சொல்லவேண்டியதுதானே?"

"உங்கிட்டயா? உன் டோன் சரியில்லைன்னு உங்கிட்ட யாரு சொல்றது? நீ சொல்லு, யாரு சொல்வா?"

மனைவி மெல்ல ஏதோ சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை. "வாய்க்குள்ளயே பேசாத!" என்று கத்தினார். அவள் அருகில் வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள்: "உங்களுக்குத்தான் கேக்கலைங்க."

"எனக்கா? எனக்குக் கேக்கலையா?" அவர் எழுந்துபோய் அலமாரியைக் கிளறினார். நன்றாக வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் கிடங்கிலேயே பதிவு செய்த சி.டி. ஒன்று இருந்தது. "இதோ. இது நான். சி.டி. தேயாது, மங்காது. அன்னிக்கு என்ன வாசிச்சேனோ அது அப்படியே இதுக்குள்ள இருக்கு. கேட்டுட்டு அப்புறம் பேசுங்க."

போட்டார். மூவரும் நின்றபடியே கேட்டார்கள். டிரம்ஸ் தொடங்கியது, பேஸ் சேர்ந்தது, கிட்டார் உள்ளே வந்தது. அதே கனம், அதே வெட்டு. ஆனால் அதன் மேலும் போர்வை இருந்தது. அவர் வால்யூமைக் கூட்டினார். போர்வையும் சேர்ந்து பெரிதாயிற்று. தலையைச் சாய்த்து ஸ்பீக்கர் அருகே குனிந்தார். பாட்டு பாதி ஓடியபின் மெல்ல நிமிர்ந்தார்.

"மச்சான், இதுல நீ சிம்பலே அடிக்கலையே?"

மச்சானின் வலது கை தானாகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சிம்பலின் பித்தளைத் தட்டில் அடித்த அதே தாளம். அது நின்றது.

"அடிச்சிருக்கேன்டா" என்றார். "ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அடிச்சுட்டேதான் இருக்கேன்."

வால்வுக்காரர் மச்சானின் கையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். சி.டி. தேயாது என்று சொன்னது அவர்தான். பாட்டு முடியும்வரை யாரும் அதை நிறுத்தவில்லை.

காது டாக்டர் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அழுத்துவதற்கு ஒன்றும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது போலும் என்று அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். டாக்டரின் விரல் இன்னும் கருவியை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது. பிரஸ்ஸின் இரைச்சலும் மேடையின் இரைச்சலும் சேர்ந்து உச்சி ஒலிகளை எடுத்துக்கொண்டுவிட்டன என்றார் டாக்டர். போனது வராது. இருப்பதைக் காப்பாற்றலாம், அதுவும் எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது. காதுக் கருவி கொடுத்தார்கள். பேச்சு கேட்டது, கொசுகூடக் கேட்டது. கிட்டார் மட்டும் தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருந்தது. கழற்றிவைத்தார்.

பட்டறையில் அவரைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துப் பேக்கிங் பிரிவில் போட்டார்கள். அரங்க நிகழ்ச்சிக்கு வேறு ஆளைப் பார்க்கும்படி மச்சானிடம் சொன்னார். "கண்ணு தெரியாதவன் லாரி ஓட்டுற மாதிரி ஆயிடும். வேணாம்."

மச்சான் தங்கையிடம் போய் நின்றார். எப்படியாவது அவரை வாசிக்கவைக்கச் சொன்னார். அடுத்த நாள் வேலையிலிருந்து வந்ததும் கூடத்தின் நடுவே பெட்டியை இழுத்துப் போட்டு, அதன் முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"வாசிங்க."

"உனக்கு என்ன தெரியும் இதுல? இரைச்சல்னு சொல்வ."

"இரைச்சல்தான். கல்யாணம் ஆனதுல இருந்து கேக்கிற இரைச்சல். நீங்க வாசிங்க."

அவர் கார்டு அடித்தார். அவள் முகத்தைச் சுளித்தாள். ட்ரெபிள் குமிழைக் காட்டி, "இதுதானே?" என்றாள். இடது பக்கம் திருப்பினாள். அவருக்கு ஒலி சேற்றில் இறங்குவதுபோல் இருந்தது. "போதும், போதும்" என்றார். "சும்மா இருங்க" என்று இன்னும் திருப்பினாள். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், ஊசியில் நூல் கோக்கிறவள்போல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "பாட்டுக்கு நடுவுல நிறுத்தி நிறுத்தி அடிப்பீங்களே, அதை அடிங்க." அடித்தார். அவள் கை நின்றது.

"இப்ப. இப்பதான் நீங்க."

அவர் மறுபடி அடித்துப் பார்த்தார். அவருக்குக் கேட்டதெல்லாம் பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோன்ற ஒரு முனகல். அவள் உள்ளே போய் நகப்பூச்சு எடுத்துவந்தாள். குமிழின் முனை நிற்கும் இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள். மிடிலுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, டிஸ்டார்ஷனுக்கு ஒன்று. துடைத்து வழுவழுப்பாக்கிய தகட்டின் மேல் நான்கு புள்ளிகள். காயட்டும் என்று வாயால் ஊதினாள்.

"ஹால் மாறினா இதுவும் மாறணும்" என்றார் அவர்.

"நானும் வர்றேன்."

அரங்கத்தில் அவள் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டு, கையை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டினாள். அவர் மேடையிலிருந்து அவள் கையைப் பார்த்துக் குமிழைத் திருப்பினார். பாடகி காதில் பஞ்சு இல்லாமல் வந்திருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தவள், சிரித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசித்தார்கள். அவர் மச்சானின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். குச்சி மேலே போனால் சிம்பல் என்று வைத்துக்கொண்டார். டிரம்ஸின் உதை மரத்தளம் வழியாகக் காலில் ஏறியது. கிட்டார் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. மற்றதை நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டார். வெட்டு விழவேண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அது சுத்தமாக விழுந்ததா என்று அவருக்குத் தெரியாது. விழுந்திருக்கவேண்டும், ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

வேறு குழுவின் கிட்டார்காரர் ஒருவர், நரைத்த தாடிக்காரர், மேடைக்குப் பின்னால் தேடிவந்தார். "இந்த டோனை நான் வாழ்க்கை பூரா தேடிட்டு இருக்கேன் சார். ட்ரெபிள் எங்க வச்சிருக்கீங்க? பெட்டியில எண்ணே இல்லையே?" அவர் சொன்னதை வால்வுக்காரர் பாதி காதாலும் பாதி உதட்டைப் பார்த்தும் புரிந்துகொண்டார்.

"வீட்டுக்காரம்மாவைக் கேளுங்க" என்றார்.

தாடிக்காரர் நல்ல ஜோக் என்று தோளில் தட்டிச் சிரித்தார்.

திரும்பும்போது மச்சானின் வண்டியில் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "எப்படி இருந்துச்சு?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் அவர் பக்கம் முழுதாகத் திரும்பி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "நம்ம வீட்டுக்கு நான் வந்த புதுசுல எப்படி இருந்துச்சோ, அப்படி." அவர் தலையசைத்தார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். முதல் தடவையே கேட்டிருந்தது.

பேக்கிங் பிரிவில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மனைவி வருவதற்கு முன்னால் வீட்டில் அவர் தனியாக இருக்கிற நேரம் கொஞ்சம் உண்டு. ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பெட்டியின் சுவிட்சைப் போடுவார். ட்ரெபிள் குமிழைச் சிவப்புப் புள்ளியிலிருந்து நகர்த்தி, அது போகிற மட்டும் வலது பக்கம் திருப்புவார். அப்போது போர்வை கொஞ்சம் விலகும். அவருடைய பழைய கிட்டார் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். வேறு யாருக்கும் தாங்காத அந்த ஒலியில் சிறிது நேரம் வாசிப்பார். முடித்ததும் குமிழை ஒழுங்காகப் புள்ளிக்கே கொண்டுவந்து விட்டுவிடுவார். அவளுக்குத் தெரியும் என்றுதான் தோன்றுகிறது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி தன் ஜன்னலையும் சாத்துவாள். அவள் மனைவியிடம் சொல்லாமல் இருந்திருக்கமாட்டாள். ஆனால் அதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்ததில்லை.

ஒருநாள் அதேபோல் குமிழைத் திருப்பினார். கார்டு அடித்துக் காத்திருந்தார். குமிழ் சரியாகத் திரும்பவில்லையோ என்று மறுபடி பார்த்தார். முனை கடைசியில்தான் நின்றது. புள்ளிக்குக் கொண்டுவந்து அடித்தார். கடைசிக்குக் கொண்டுபோய் அடித்தார். கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். காதை ஸ்பீக்கர் துணியோடு ஒட்டவைத்து, எட்டிக் கையை நீட்டிக் கம்பியைத் தட்டினார். பிறகு குமிழைத் தொட்டுக்கொண்டே கண்ணை மூடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்தார். விரலுக்கு மட்டும்தான் அது திரும்பியது.

கண்ணைத் திறந்து, முனையைப் புள்ளியில் சரியாக நிறுத்தினார். பெட்டியை அணைத்தார். வால்வுகளின் சிவப்பு அடங்கும்வரை பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்து மனைவி உள்ளே வந்தாள். பையை இறக்கிக்கொண்டே ஏதோ கேட்டாள். அவர் நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தார்.